கையடக்க வானொலிக்கு மின்வழங்கியும் வான்கம்பியும்

(தோட்ட மண்டபமொன்றில் இளைஞர் மாலை வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொழுது புலருமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரை முழுவதும் வெட்டி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலையையும் முடித்து இம்மாலையில் இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். களைத்து வந்தோரை நெடிய பீடிகையால் வருத்துவது முறையன்று. ஆகவே நேராகப் பொருளுக்கே வருவோம்.

சென்ற கூட்டத்தில் அமெச்சூர் வானொலி என்பது யாது என்று பேசினோம். அதன்பின் உங்களுள் சிலர் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். இருவர் தேறி அழைப்புக்குறியும் பெற்றுவிட்டனர் என்று கேள்வியுற்று மகிழ்ந்தோம். அவ்விருவரும் மண்டபத்து வாசலிலேயே நம்மை நிறுத்தி, "ஐயா, எந்தச் செட்டை வாங்கலாம்?" என்று கேட்டனர். அக்கேள்விக்கு இன்று நாம் விடை கூறப்போவதில்லை. கடைக்காரரே அதற்கு ஆயிரம் விடை வைத்திருப்பார். கடைக்காரர் சொல்லாமல் விடுபவை இரண்டு உண்டு. ஒன்று, அந்தச் செட்டுக்கு உணவளிக்கும் மின்வழங்கி. மற்றொன்று, அதன் குரலை வெளியே கொண்டுசெல்லும் வான்கம்பி. நம் வழக்கில் ஏரியல். இவ்விரண்டையும் குறித்தே இன்றைய பேச்சு.

இவை ஏன் இத்துணை முக்கியம் என்பதை நாம் நூலில் படித்து அறியவில்லை. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் பகாங் ஆறு பெருகியபோது அறிந்தோம்.

அப்போது நாம் ஆற்றோரத் தோட்டமொன்றில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து வந்தோம். தோட்டத்துக்கு வரும் பாதை இருபுறமும் நீரில் மூழ்கிற்று. மாலையில் மின்சாரம் நின்றது. நள்ளிரவுக்குள் கைத்தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்தது. அதன் பேட்டரி தாங்கும் நேரம் சில மணிதானே! தாழ்வான லயங்களில் இருந்தோர் எல்லாரும் பள்ளி மண்டபத்தில் ஒதுங்கியிருந்தனர். அவர்களுள் நீரிழிவு நோயுள்ள பாட்டி ஒருவர். அவருடைய இன்சுலின் மருந்து வீட்டோடு வெள்ளத்தில் போயிற்று. மறுநாள் மாலைக்குள் மருந்து வாராவிடில் நிலைமை கெடும் என்று தோட்டத்து மருந்தகப் பணியாளர் நம்மைத் தனியே அழைத்துக் கூறினார்.

மண்டோரின் மகன் அப்போதுதான் உரிமம் பெற்றுக் கையடக்கச் செட் ஒன்றை வாங்கியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு பள்ளித் தாழ்வாரத்தில் நின்று, மலைமேலுள்ள ரிப்பீட்டரை அழைத்தார். பள்ளியோ பள்ளத்தில் இருந்தது. செட்டில் இருந்ததோ கடையில் கொடுத்த குட்டை ஏரியல். ரிப்பீட்டர் திறக்கவில்லை. முழு ஆற்றலில் வைத்து மீண்டும் மீண்டும் விசையை அழுத்தினார். இரவு பத்து மணிக்குச் செட்டின் பேட்டரி தீர்ந்தது. அத்துடன் பேச்சும் நின்றது.

அவ்விரவு முழுவதும் பள்ளித் திண்ணையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி. செட்டுக்குரிய மேசை மின்னேற்றியும் அந்த இளைஞரின் பையிலேயே இருந்தது. அதனடியில் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் என்று எழுதியிருந்ததை விடியற்காலையில் தோட்டத்து ஃபிட்டர்தான் கண்டார். லாரியிலிருந்து இரண்டு துண்டுக் கம்பியை வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இணைத்தார். இரண்டு மணி நேரம் மின்னேற்றி, செட்டை மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேடைக்குக் கொண்டுபோய் அழைத்தபோது, முதல் அழைப்பிலேயே ரிப்பீட்டர் திறந்தது. மாலை நான்கு மணிக்குப் படகில் மருந்து வந்தது. பாட்டி பிழைத்துக்கொண்டார்.

ஆனால் ஓர் இரவு வீணாயிற்று. எழுத்தறிவிக்கும் ஆசிரியராகிய நாமே அம்மின்னேற்றியின் அடியில் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை. செட்டில் எக்குறையும் இல்லை, உணவும் இல்லை, உயரமும் இல்லை, அவ்வளவே. அன்று தொட்டு இத்துறையை நாம் சற்று ஊன்றிக் கற்றோம்.

இவ்வாறு உதவுவது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் இந்திய அம்மையார் தம் குழுவினரோடு போர்ட் பிளேயரில் இருந்தார். உலகெங்குமுள்ள அமெச்சூர் நண்பர்களோடு பேசுவதற்காகவே அங்குச் சென்றிருந்தனர். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனதும் அப்பொழுதுபோக்கை நிறுத்தி, அதே கருவிகளைக் கொண்டு, உயிர்தப்பினோர் பற்றிய செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பலாயினர். தீவில் மின்சாரம் நம்பத்தக்கதாய் இராது என்பதை எண்ணி அதற்குரிய ஏற்பாட்டுடன் சென்றவர்களுக்கே அது கைகூடும்.

சட்டம் பற்றி ஒரு சொல். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி, ஆணையத்தின் உரிமமின்றி அமெச்சூர் அலைவரிசையில் விசையை அழுத்திப் பேசுதல் குற்றம். தேர்வில் தேறி, தீபகற்ப மலேசியாவில் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறியைப் பெற்ற பின்னரே பேசலாம். எந்த அலைவரிசை, எவ்வளவு ஆற்றல் என்பன உங்கள் உரிமத்தின் வகுப்பைப் பொறுத்தவை. செட்டில் சிரிம் முத்திரை உண்டா என்றும் பார்த்து வாங்குங்கள். வாணிகச் செய்திக்கு இவ்வானொலியைப் பயன்படுத்தலாகாது. பால் விலை கேட்பதற்கு இது கருவியன்று.

இனி மின்வழங்கிக்கு வருவோம்.

உங்களுக்கு இதில் நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியது குறைவே. இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டுகிறவருக்குப் பேட்டரியின் குணம் தெரியும். விளக்கைப் பிரகாசமாக வைத்தால் விரைவில் தீரும். மங்கலாக வைத்தால் நிரை முடியும்வரை வரும். வானொலியும் அவ்வாறே. கேட்டுக்கொண்டிருக்கும்போது சிறிதளவே உண்ணும். விசையை அழுத்திப் பேசும்போது பெரும்பசியோடு உண்ணும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். 5 வாட் ஆற்றலுள்ள கையடக்கச் செட்டின் பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட். பேசும்போது ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அதன் பேட்டரியில் 1800 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், இடைவிடாது பேசினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியாகத் தாங்கும். மண்டோரின் மகனுக்கு ஓர் இரவு தாங்காததன் காரணம் இதுவே. அதே செட்டை 1 வாட்டில் வைத்திருந்தால் பேட்டரி இன்னும் நெடுநேரம் தாங்கியிருக்கும். 5 வாட்டுக்கும் 1 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு எதிர்முனையில் கேட்பவரது மானியில் ஒரு கோட்டுக்குச் சற்று மேல்தான். அந்த ஒரு கோட்டை ஏரியலைச் சற்று உயர்த்தியே பெற்றுவிடலாம். ஆகவே எட்டுகின்ற மிகக் குறைந்த ஆற்றலில் பேசப் பழகுங்கள்.

கையடக்கச் செட்டை வாங்குவோர் அதனோடு வாங்க வேண்டியவை மூன்று என்பது நம் எண்ணம்: ஒரு மாற்றுப் பேட்டரி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்னேற்ற உதவும் கம்பி, கிடைக்குமாயின், பேட்டரி இருந்த இடத்தில் பொருத்தி 12 வோல்ட்டிலேயே செட்டை இயக்கும் அடாப்டர். இம்மூன்றும் இல்லாத விலையுயர்ந்த செட்டைவிட, இவையுள்ள எளிய செட்டே தோட்டத்துக்கு ஏற்றது. மேசை மின்னேற்றியின் அடியிலுள்ள எழுத்தை இன்றிரவே படித்துவிடுங்கள். எல்லா மின்னேற்றிகளும் 12 வோல்ட்டை ஏற்பன அல்ல. எழுதியிருப்பதற்கு மாறாக இணைத்தால் புகைதான் வரும்.

அடுத்து, சற்றே பெரிய கருவி. சிற்றலை வரிசையில் 5 அல்லது 10 வாட் ஆற்றலுடன் இயங்கி, தோளில் தொங்கவிட்டுச் செல்லத்தக்க செட்டுகள் உள்ளன. இவை 12 வோல்ட் வகையைச் சேர்ந்தவை. கருவியின் மேல் 13.8 வோல்ட் என்று எழுதியிருக்கக் காண்பீர்கள். மகிழுந்து ஓடும்போது அதன் பேட்டரி தரும் அழுத்தம் ஏறத்தாழ அதுவாகும். பல செட்டுகள் இதற்கு 15 விழுக்காடு குறைந்தாலும் கூடினாலும் தாங்கும். அதாவது 11.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் குரல் சிதையும், அல்லது செட் தானாகவே அணையும்.

எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும் என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம், இங்கும் தருகிறோம். 10 வாட் செட் ஒன்று கேட்கும்போது அரை ஆம்பியரும் பேசும்போது இரண்டரை ஆம்பியரும் இழுப்பதாகக் கொள்வோம். நான்கு மணி நேரம் பயன்படுத்தப் போகிறோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு பேச்சு, எஞ்சியது கேட்பு. கேட்பதற்கு 3.2 மணியை 0.5ஆல் பெருக்க 1.6 வரும். பேசுவதற்கு 0.8 மணியை 2.5ஆல் பெருக்க 2 வரும். ஆக மொத்தம் 3.6 ஆம்பியர்-மணி. அப்படியாயின் 4 ஆம்பியர்-மணி பேட்டரி போதுமே என்று முன்வரிசையில் ஒரு தம்பி கூறினார். கணக்குச் சரி, ஆனால் பேட்டரியின் குணத்தையும் பார்க்க வேண்டும்.

அலாரப் பெட்டிகளில் இருக்கும் மூடிய ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தல் நன்றன்று; செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 3.6 வேண்டுவோர்க்கு 7 ஆம்பியர்-மணி பேட்டரியே பொருந்தும். அது எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. எடைதான் இரண்டு கிலோவுக்கு மேல். முழுதாக ஏறிய நிலையில், ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.2 அளவில் நிற்கும். சிறு மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளலாம். மல்டிமீட்டர் இல்லாமல் இத்துறையில் இறங்குவது, நிறுக்காமல் பால் கொடுப்பதைப் போன்றது.

மற்றொரு வகை, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. நான்கு கலங்கள் சேர்ந்து 12.8 வோல்ட். இதில் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம். தீரும்வரை அழுத்தம் பெரிதும் இறங்காது. எடை ஈய பேட்டரியில் பாதிக்கும் குறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மின்னேற்றலாம். விலை மிகுதி. இதற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும், உள்ளே காப்புச் சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கையில் பணமிருந்தால் இதையே வாங்குங்கள். இல்லையேல் ஈய பேட்டரியில் தொடங்குவதில் தாழ்வொன்றும் இல்லை. மோட்டார் சைக்கிள் பேட்டரியை அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். அன்றாடம் அதை வடித்தெடுத்தால் காலையில் வண்டி கிளம்பாது, வீட்டில் வசவும் கிளம்பும்.

வீட்டில் இருக்கும்போது சுவர் மின்சாரத்திலிருந்து இயக்கும் மின்வழங்கி வேண்டுமெனில், அதில் இரு வகை உண்டு. கனமான மின்மாற்றி உடையது ஒன்று; தூக்கினால் தோள் வலிக்கும், ஆனால் அமைதியானது. ஸ்விட்ச் மோட் என்பது மற்றொன்று, இலேசானது, மலிவானது. இதில் நல்லனவும் உண்டு, தீயனவும் உண்டு. நாம் முதலில் வாங்கியது தீயது. விளக்கு மாலைகளுக்காகச் செய்யப்பட்ட ஒன்றை விலை குறைவு என்று பார்த்து வாங்கினோம். செட்டில் இணைத்ததும் 7 மெகாஹெர்ட்ஸ் வரிசை முழுவதும் வண்டுக்கூட்டம் இரைவது போன்ற ஒலி. ஏரியலில்தான் கோளாறு என்று எண்ணி மூன்று வாரம் ஏரியலை அறுத்து அறுத்துக் கட்டினோம். ஒருநாள் மின்சாரம் நின்றபோது பேட்டரியில் போட்டுக் கேட்டால், அத்தனை அமைதி! ஆகவே வாங்குமுன் சோதியுங்கள். செட்டை முதலில் பேட்டரியில் இயக்கிக் கேளுங்கள்; பிறகு மின்வழங்கியை அருகில் வைத்து மூட்டிக் கேளுங்கள். இரைச்சல் கூடினால் அது வேண்டாம். செட் இழுக்கும் ஆம்பியரைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலாகத் தரவல்லதாகவும் அது இருத்தல் வேண்டும். மடிக்கணினியின் மின்னேற்றியை ஒருபோதும் இணைக்காதீர்கள். அவற்றுள் பல 19 வோல்ட் தருவன.

சூரியத் தகடு பற்றியும் கேட்கிறீர்கள். 20 வாட் தகடு நல்ல வெயிலில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் தரும். நம் நாட்டில் ஒரு நாளில் நான்கு மணி நேரம் முழுவெயில் கிடைத்தால் நான்கு ஆம்பியர்-மணி. மேலே சொன்ன கணக்குக்கு அது போதும். ஆனால் பால்மர நிழலில் அத்தகடு வெறும் கண்ணாடிதான். வெள்ளக் காலத்தில் வானமும் கருத்திருக்கும். ஆகையால் தகட்டை மட்டும் நம்பாமல், மழை தொடங்குமுன் பேட்டரியை நிரப்பி வைப்பதே அறிவுடைமை. தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே கட்டுப்படுத்தும் கருவி ஒன்று அவசியம்.

கம்பியைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மெல்லிய கம்பி அழுத்தத்தைத் தின்றுவிடும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை மூன்று மீட்டர் தூரம் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால், போகவும் வரவுமாக ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே தொலையும். கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள். 10 வாட் செட்டுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் ஏற்றது. சிறு பேட்டரிதானே என்று எண்ணாதீர்கள். அதன் இரு முனைகளும் நேரே தொட்டுவிட்டால் கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். சிவப்பும் கறுப்பும் மாறினால் செட் ஒரு நொடியில் இறந்துபோம். மாற்றிச் செருக இயலாத வகையான இணைப்புகளையே எல்லாவற்றிலும் பொருத்திவிடுங்கள். இருட்டில், மழையில், பதற்றத்தில் இணைக்கப் போகிறவர் நீங்களாக இல்லாமல் உங்கள் தங்கையாகவும் இருக்கலாம் அல்லவா?

இனி வான்கம்பி.

கையடக்கச் செட்டுடன் வரும் குட்டை ஏரியலுக்கு உலகமெங்கும் 'ரப்பர் வாத்து' என்று பெயர். நாம் சிந்தும் வியர்வையில் விளையும் ரப்பரின் பெயரைத் தாங்கியிருப்பதால் அதை இகழ நமக்கு மனம் வரவில்லை. எனினும் உண்மையைச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது சுருட்டிக் குறுக்கிய கம்பி. சட்டைப்பைக்கு வசதி, ஆனால் தொலைவுக்கு ஏற்றதன்று.

ஏரியலின் நீளம் அலையின் நீளத்தைப் பொறுத்தது. 145 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குக் கால் அலை ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமுள்ள ஈர்க்குப் போன்ற ஏரியலைச் செட்டில் மாட்டினாலே வேறுபாடு தெரியும். இன்னொரு மலிவான உபாயமும் உண்டு. 49 சென்டிமீட்டர் மெல்லிய கம்பியைச் செட்டின் ஏரியல் அடியிலுள்ள உலோக வளையத்தில் தொடும்படி இணைத்துக் கீழே தொங்கவிடுங்கள். அமெச்சூர் நண்பர்கள் இதைப் 'புலிவால்' என்பர். கால் அலை ஏரியலுக்குத் தரை வேண்டும். கையில் பிடித்த செட்டுக்குத் தரை இல்லை. அக்குறையை இவ்வால் நிரப்புகிறது. காசு செலவில்லை. இந்தப் புலிவாலைப் பிடித்தவருக்கு விடமுடியாத துன்பமும் இல்லை.

ஆனால் எல்லாவற்றிலும் மேலானது உயரம். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. சமதரையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த ஏரியலுக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதையே 9 மீட்டருக்கு உயர்த்தினால் 12 கிலோமீட்டர். எதிர்முனை ஏரியலின் உயரத்துக்குரிய தொலைவும் இதனோடு கூடும். 5 வாட் செட்டை 10 வாட் செட்டாக மாற்றப் பணம் செலவிடுவோர், எதிர்முனையில் கேட்பவருக்கு அம்மாற்றம் அரிதாகவே தெரியும் என்பதை உணர வேண்டும். அதே பணத்தில் ஒரு மூங்கில் கழியும் பத்து மீட்டர் கம்பியும் வாங்கினால் மலைகூட வழிவிடும்.

நீங்களே செய்துகொள்ளத்தக்க ஏரியல் ஒன்றை இங்குக் கொண்டுவந்திருக்கிறோம். பாருங்கள். நடுவில் ஒரு சாக்கெட். மேல்நோக்கி 49 சென்டிமீட்டர் தடித்த செம்புக் கம்பி ஒன்று, சாக்கெட்டின் நடு ஊசியில் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில் நான்கு கம்பிகள், அதே நீளத்தைவிட ஒரு விரலளவு மிகுதி. அவை குடைக்கம்பி போல் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்துள்ளன. அச்சாய்வு அழகுக்கன்று. கம்பிகள் படுக்கையாக இருந்தால் எதிர்ப்பு 50 ஓமுக்கு வெகுவாகக் குறையும். சாய்த்தால் 50க்கு அருகில் வந்து செட்டுக்கும் கம்பிக்கும் பொருந்தும். வீட்டு வயரிங்குக்குப் பயன்பட்ட மிச்சக் கம்பியே போதும். ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம்.

செட்டையும் ஏரியலையும் இணைக்கும் உருண்டைக் கம்பியிலும் இழப்பு உண்டு. ஆர்ஜி-58 என்னும் மெல்லிய வகையில் 10 மீட்டருக்கு 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 டெசிபெல் இழப்பு. அதாவது 5 வாட் அனுப்பினால் 3 வாட் அளவே மேலே போய்ச்சேரும். ஆர்ஜி-213 என்னும் தடித்த வகையில் 4 வாட்டுக்குக் குறையாது. ஆனால் பாம்பைச் சுமப்பது போல் கனக்கும். எடுத்துச் செல்லும் ஏரியலுக்கு மெல்லியதையே தேவையான நீளத்துக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது நன்று.

சிற்றலைக்கு நாம் பரிந்துரைப்பது பழைய டைபோல். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டரும் சில விரற்கடையும். முதலில் ஒரு சாண் மிகுதியாக விட்டு வெட்டுங்கள். மானியை வைத்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம். வெட்டிய கம்பியை நீட்ட முடியாது, வெட்டிய பட்டையை ஒட்ட முடியாதது போல. இதை நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டினாலே போதும். தாழ்வாகக் கட்டினால் அலை ஏறக்குறையச் செங்குத்தாக மேலே போய், வானத்தின் மின்படலத்தில் பட்டுத் திரும்பிச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் இறங்கும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் இதற்கு நன்கு உதவும். மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை, ரிப்பீட்டரும் வேண்டுவதில்லை. ஊரைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்தபோது வேண்டுவது அமெரிக்காவோடு பேசும் ஏரியல் அன்று. குவாந்தானோடும் கோலாலம்பூரோடும் பேசும் ஏரியல்தான்.

தூண்களுக்கு நாம் அலைய வேண்டியதில்லை, சுற்றிலும் மரங்கள் நிற்கின்றன. ஆயினும் பால்மரத்தில் ஆணி அடிக்கலாகாது. இதை உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் பட்டணத்திலிருந்து வரும் நண்பர்கள் சுத்தியலோடு வருகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள். தூண்டில் நரம்பில் சிறு எடையைக் கட்டிக் கிளையின்மேல் எறிந்து, அதனோடு நைலான் கயிற்றை இழுத்து, கயிற்றில் ஏரியலைக் கட்டுங்கள். வெட்டுப் பட்டையைத் தொடாதீர்கள். நிர்வாகத்திடம் முன்னரே அனுமதி கேளுங்கள். கம்பியின் முனை ஈர இலையைத் தொடாமல் ஒரு முழமாவது விலகி நிற்கட்டும். ஏரியல் மாட்டாமல் ஒருபோதும் பேசும் விசையை அழுத்தாதீர்கள். போன ஆற்றல் வெளியேற வழியின்றித் திரும்பிச் செட்டையே சுடும்.

மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "இந்தக் கம்பியைக் கட்டினால் இடி லயத்தில் இறங்காதா, ஐயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நம் நாடு இடிமின்னல் மிகுந்த நாடு. ஏரியல் இடியை அழைக்காது; ஆனால் அருகில் விழுந்தால் வீட்டுக்குள் வழிகாட்டும். ஆகையால் வேலை முடிந்ததும் ஏரியலை இறக்கிச் சுருட்டிவிடுங்கள். கழற்றி மாட்டும் ஏரியலின் பெருநன்மையே அதுதான். முதல் முழக்கம் தொலைவில் கேட்டவுடன் பேச்சை முடித்து, செட்டிலிருந்து கம்பியைக் கழற்றி, அதன் முனையை வீட்டுக்கு வெளியே போடுங்கள். தலைக்கு மேல் வரும்வரை காத்திருப்பது கூடாது.

இடியைவிட நம்மை அஞ்சச் செய்வது மின்கம்பி. செம்பனை அறுப்போரின் அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டு உயிர் போன துயரத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஏரியல் கழியும் அத்தகையதே. கழி எப்பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத அளவு தள்ளி நிற்க வேண்டும். கழியின் நீளமும் ஏரியலின் நீளமும் சேர்த்து, அதற்கு மேலும் பாதி தொலைவு தள்ளியிருத்தல் நலம். எறியும் தூண்டில் நரம்பும் மின்கம்பி இருக்கும் திசையில் போகலாகாது. இருட்டில் ஏரியல் கட்ட நேர்ந்தால், பகலிலேயே பார்த்துக் குறித்துவைத்த மரத்தில் மட்டும் கட்டுங்கள்.

இவ்வளவுக்கும் எவ்வளவு செலவாகும் என்று தாய்மார்கள் பக்கமிருந்து கேட்கிறார்கள். விலை கடைக்குக் கடை வேறுபடும். ஆனால் ஒரு வரம்பைச் சொல்வோம். வானொலிக்கென்று ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் செட்டுக்குப் போகலாகாது. எஞ்சியதைப் பேட்டரிக்கும், கம்பிக்கும், ஏரியலுக்கும், மல்டிமீட்டருக்கும் வையுங்கள். இருவர் சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி வாங்கி வைத்துக்கொள்வதும் நல்ல யோசனையே. அதை யார் வீட்டில் வைப்பது என்பதில் மட்டும் சண்டை வரக்கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திடலில் கூடுவோம். அழைப்புக்குறி பெற்ற இருவரும் செட்டைக் கொண்டு வருக. மற்றவர்கள் இருபத்தொரு மீட்டர் கம்பி, கைக்கத்தி, அளவு நாடா, தூண்டில் நரம்பு ஆகியவற்றைக் கொண்டு வரலாம். முதலில் பள்ளத்திலுள்ள ஆயாக் கொட்டகை வாசலில் நின்று ரப்பர் வாத்தோடு அழைப்போம், அடுத்துப் புலிவாலோடு, கடைசியில் மூங்கில் கழியில் குடையேரியலை ஏற்றி. மூன்றிலும் எதிர்முனை என்ன கூறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் நாமே கொண்டு வருகிறோம். மழை பெய்தால் அதற்கடுத்த ஞாயிறு.